மூன்றாம் தவணை நிலுவையில் உள்ளது

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்க வேண்டும், தம்பி. நான் ஒட்டுக்கேட்கவில்லை. நீங்கள் போனில் பேசியது இந்தப் பஸ்ஸின் கடைசி சீட்டு வரைக்கும் கேட்டது. ஆட்டுக்கொட்டகை போடப் போகிறீர்கள், பாங்கில் பணம் தருகிறார்கள், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மானியம். அப்படித்தானே? 'மானியத்தைக் கட்ட வேண்டாமாம், மிச்சத்தைப் பார்த்துக்கிடலாம்' என்று யாரிடமோ சொன்னீர்கள். அந்தப் 'பார்த்துக்கிடலாம்' என்னை இருக்கவிடவில்லை.

அந்த மானியம் உங்கள் கைக்கு வராது. பாங்கிலேயே தனியாக உட்கார்ந்திருக்கும். நீங்கள் கடனை ஒழுங்காகக் கட்டிக்கொண்டே வந்தால் கடைசியில் அதைக் கழித்துக்கொள்வார்கள். நடுவில் நிறுத்தினால் வந்த வழியே திரும்பிப் போய்விடும். முழுத்தொகைக்கும் கையெழுத்துப் போடப்போவது நீங்கள். ஒருமுறை பாங்கில் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்வதற்கு எனக்குத் தகுதி இருக்கிறது. பெயர் குற்றாலிங்கம். முப்பது வருஷத்துக்கு மேல் மானியப் பிரிவில் வேலை. எந்த அலுவலகம் என்பது வேண்டாம், ஓய்வு பெற்ற பிறகு எதற்கு. கண்காணிப்பாளராக வெளியே வந்தேன். என் பேச்சில் கொஞ்சம் கோப்பு வாசனை அடிக்கும். என் மனைவி ஆவுடை, 'உங்களுக்குக் காய்ச்சல் வந்தாக்கூட உடல்நலக் குறைவு காரணமாகன்னுதான் முனகுவீக' என்பாள்.

ஜன்னல் சீட்டை நீங்கள் பிடித்தது நல்லதாகப் போயிற்று. ஏன் என்று பிறகு சொல்கிறேன். எனக்கு வலது கண்ணில் புரை. இடது கண் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டிருக்கிறது.

எங்கே விட்டேன்? மானியம். பணம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போக நாலைந்து வழிதான் உண்டு. வேலைக்குக் கொடுத்தால் கூலி. சரக்குக்குக் கொடுத்தால் விலை. திரும்பி வரும் என்று கொடுத்தால் கடன். லாபத்தில் பங்கு கேட்டால் முதலீடு. எதுவும் கேட்காமல் கொடுத்துவிட்டு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருந்தால் தர்மம். மானியம் இதில் எதிலும் சேராது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கமாட்டோம். ஆனால் இன்ன காரியத்துக்கு என்று சொல்லிக் கொடுப்போம், காரியம் நடந்ததா என்று போய்ப் பார்ப்போம். போய்ப் பார்க்காவிட்டால் அது தர்மமாகிவிடும். திருப்பிக் கேட்டால் கடனாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன வரப்பு இருக்கிறது. அதன் மேல்தான் என் உத்தியோகம் முழுவதும் நடந்தேன்.

இது வெள்ளைக்காரன் விட்டுப்போன வழக்கம் என்று எங்கள் அலுவலகத்திலேயே சிலர் சொல்வார்கள். தவறு. அந்தக் காலத்தில் மானியம் என்றால் வரியில்லாத நிலம். கோயிலில் மேளம் வாசிக்கிறவருக்குக் கொடுப்பார்கள். நிலத்தை அனுபவித்துக்கொள், வரி கேட்கமாட்டோம், மேளம் மட்டும் நிற்கக்கூடாது. நின்றால் நிலம் போயிற்று. நிபந்தனை அப்போதே இருந்தது, தம்பி. நான் கண்டுபிடித்ததில்லை. என் மகள் என்னவோ நான்தான் கண்டுபிடித்தேன் என்கிற மாதிரி பேசினாள்.

ஒரே மகள். உலகம்மை. மாப்பிள்ளை முப்பிடாதி அறுவடை மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். மெஷினிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன், கட்டில், அப்புறம் ஊன்றுகோல். சம்பாத்தியம் நின்றுபோனது. உலகு வீட்டுக்கு வந்தாள். 'அப்பா, ரோடு பிரியுத மேலச்சத்திரம் விலக்குல ஒரு இடம் கிடைக்கு. சுத்துப்பட்டியில மாவு மில்லே கிடையாது. ஒன்றரை லட்சம் கடனா குடுங்க. அரைச்சுக் கட்டிருதேன்' என்றாள்.

அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் கடனா? நான் ஒத்துக்கொள்ளவில்லை. 'கடன் வேண்டாம், மானியமாகத் தருகிறேன்' என்றேன்.

'அப்படின்னா, சும்மாவா?'

'சும்மா இல்லை. மானியம்.'

அன்றைக்கு அவள் சிரித்தது எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. உள்ளே போய் அம்மாவிடம், 'அப்பா திருப்பித் தர வேண்டாம்னுட்டாக' என்று சொன்னாள். பாதியைத்தான் காதில் வாங்கியிருக்கிறாள். எல்லாப் பயனாளிகளும் அப்படித்தான்.

மூன்று தவணை என்று வகுத்தேன். முதல் தவணை ஷெட்டுக்கும் கரண்ட் இணைப்புக்கும். இரண்டாவது மெஷினுக்கு. மூன்றாவது, மில் ஓடுவதை நேரில் கண்ட பிறகு. முழுப்பணத்தையும் ஒரே நாளில் தூக்கிக் கொடுப்பது கொடுக்கிறவனுக்கும் நல்லதில்லை, வாங்குகிறவனுக்கும் நல்லதில்லை. முதல் தவணை கொடுத்தேன். ஷெட் நின்றது. இரண்டாவது கொடுத்தேன். அங்கேதான் அவள் தப்புப் பண்ணினாள்.

மாவு மெஷினுக்கு என்று ஒதுக்கிய பணத்தில் பழைய மிளகாய் மெஷின் ஒன்றையும் சேர்த்து வாங்கிவிட்டாள். கேட்டால், 'மாவு அரைக்க வாரவுக மிளகாயும் மல்லியும் கொண்டாராகப்பா. அதுக்குன்னு டவுனுக்கா போவாக?' என்கிறாள். தேவை இருக்கலாம். நான் தேவையை மறுக்கவில்லை. ஆனால் ஒதுக்கீட்டில் மிளகாய் இல்லையே! ஒரு நோக்கத்துக்குக் கொடுத்ததை இன்னொரு நோக்கத்துக்குத் திருப்பினால் அதற்குப் பெயர் என்ன? பெரிய பெரிய பள்ளிக்கூட நிர்வாகிகளையெல்லாம் இதற்காக என் மேஜைக்கு முன்னால் நிற்க வைத்திருக்கிறேன். மகள் என்பதற்காக விட்டால் அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? அவர்கள் யாரும் கேட்கப்போவதில்லை, சரி. ஆனாலும்.

மூன்றாவது தவணையை நிறுத்தினேன்.

மெஷினுக்கு மோட்டார் கொடுத்த கடைக்காரர் பாக்கிக்கு நெருக்கினார் போலிருக்கிறது. அவள் கையில் கிடந்த வளையலைக் கொண்டுபோய் அடகு வைத்துவிட்டாள். ஆவுடைதான் வந்து சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'நல்லது. பயனாளியின் பங்களிப்பு என்று ஒன்று இருந்தால்தான் எந்தத் திட்டமும் நிலைக்கும்' என்றேன். அது அனுபவத்தில் கண்டது. சொந்தப் பணம் ஒரு ரூபாயாவது போட்டவன் மெஷினைத் துடைத்து வைப்பான்.

ஆவுடை கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். 'பெத்த பிள்ளைக்கு மூணு தவணையாவா சோறு போட்டீக? ரெண்டு கவளம் தின்னதுக்கு அத்தாட்சி காட்டினாத்தான் மூணாவது கவளமா?'

ஒப்பிட்டது தப்பு, தம்பி. சோறு தொடர்செலவு. மில் மூலதனச் செலவு. இரண்டுக்கும் விதி வேறு வேறு. அதை அவளுக்கு விளக்கினேன். அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சாலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேவர்குளம் தாண்டிவிட்டோமா? சரி, இன்னும் நேரம் இருக்கிறது.

சட்டம் சட்டம் என்று நின்றுவிடவில்லை நான். வழியும் சொன்னேன். பயன்பாட்டுச் சான்று ஒன்று கொடு, மிளகாய் மெஷினை விட்டுவிட்டு மற்றதை மட்டும் காட்டு, மூன்றாவது தவணையை விடுவிக்கிறேன் என்று ஆவுடையிடம் சொல்லி அனுப்பினேன். ஆவுடை திரும்பி வரும்போது ஒரு மஞ்சள் பையில் அரிசி மாவு கொண்டுவந்தாள். 'அப்பா கேட்ட சான்று இதுதானாம். குடுக்கச் சொன்னா.' நான் பையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். தேதி இல்லை. கையெழுத்து இல்லை. மாவைச் சான்றாக ஏற்றுக்கொள்ள எந்த விதியிலும் இடமில்லை.

நைசாக இருந்தது, அதை மறுக்கவில்லை. புட்டு அவித்தோம்.

அப்புறம்தான் நேரிலேயே போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். நீங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பார்த்திருப்பீர்கள், பெஞ்சு, மேஜை, பீரோ எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயிண்டில் இன்ன நிதியில் வாங்கியது, இன்ன வருஷம் என்று அடித்திருக்கும். மானியத்தில் வாங்கிய எந்தப் பொருளிலும் அதை அடித்தாக வேண்டும். கொடுத்தவன் பெருமைக்காக இல்லை. நாளைக்கு அதே மெஷினைக் காட்டி இன்னொருவரிடம் மானியம் வாங்கிவிடக்கூடாது, அதற்காக. உங்கள் கொட்டகையிலும் பலகை வைக்கச் சொல்வார்கள். வைத்துவிடுங்கள். ஆடு படிக்காது.

அச்சு வெட்டுவதற்குத் தகடு வேண்டும். எக்ஸ்ரே படம் இருந்தால் இன்னும் நல்லது, பிளேடுக்கு வெண்ணெய் மாதிரி வரும். எங்கள் வீட்டில் கிடந்தது மாப்பிள்ளையின் இடுப்புப் படம்தான். ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்தது. அதற்குப் பிறகு புதிதாக எடுத்துவிட்டார்கள், இது சும்மா கிடந்தது. அதில் எழுத்து வெட்டினேன். அந்த மில்லுக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த மெஷினின் தொட்டியில், நீலப் பெயிண்ட் மேல், வெள்ளையில் பளிச்சென்று அடித்தேன். 'தந்தை மானியத்தில் வாங்கியது 2019-20.' ரோட்டிலிருந்தே படிக்கலாம். என் கை இன்னும் நடுங்காமல் இருந்த காலம்.

உள்ளே நாலைந்து பெண்கள் தூக்குவாளியோடு வரிசையில் நின்றார்கள். அதில் பேச்சியம்மாள் என்று ஒருத்தி. எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, 'ஏளா உலகு, உங்கப்பா எப்பளா கவர்மெண்டு ஆனாரு? எங்களுக்கும் ஏதும் குடுப்பாரா?' என்றாள். இன்னொருத்தி, 'கேட்டுப் பாரு, உன் இடுப்பிலயும் சீல் அடிச்சிட்டுக் குடுப்பாரு' என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உலகு மெஷினை நிறுத்தினாள். மில் நின்றால் காது எப்படி இருக்கும் தெரியுமா? கூரையைத் தூக்கிவிட்ட மாதிரி இருக்கும். அந்த அமைதியில் சொன்னாள்: 'அப்பா, பணம் குடுத்தீக, வாங்கிக்கிட்டேன். வேவு பார்க்க வந்தீக, டீ போட்டுக் குடுத்தேன். இப்ப என் மெஷின் நெத்தியில எழுதுதீக. அதுவும் இவுக எலும்பு படத்தை வெட்டி.'

மாப்பிள்ளை ஓரத்தில் கட்டிலில் சாய்ந்திருந்தார். 'விடு உலகு. மாமாவுக்கு என் இடுப்பு இதுக்காவது உதவிச்சே' என்றார். நல்ல மனிதர். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அவள் விடவில்லை. 'இன்னையிலயிருந்து இது கடன். மாசாமாசம் கட்டுதேன். கடைசி ரூபா கட்டின அன்னைக்கு இந்த எழுத்தைச் சுரண்டிருவேன். அதுக்குப் பிறகு உங்களுக்கும் இந்த மில்லுக்கும் ஒரு பேச்சும் கிடையாது.'

நான் சொன்னேன், 'மானியத்தைக் கடனாக மாற்றும் அதிகாரம் பெறுகிறவருக்குக் கிடையாது.' அவள் மெஷினைப் போட்டுவிட்டாள். அதற்கு மேல் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

அதிலிருந்து மாதாமாதம் என் கணக்கில் பணம் போட ஆரம்பித்தாள். முதல் வாரத்தில் ஒருநாள் போன் டிங் என்று ஒரு சத்தம் போடும். இவ்வளவு வரவு, அனுப்பியவர் உலகம்மை. அவ்வளவுதான். கொரோனா சமயத்தில் மில் பாதி நாள் பூட்டிக் கிடந்தது, அப்போதும் தொகை குறைந்ததே தவிர நின்றதில்லை. எனக்கு ஒவ்வொரு தடவையும் அவமானமாக இருக்கும். மானியம் திரும்பி வருவதை நான் உத்தியோகத்தில் பார்த்ததே இல்லை. செலவாகாமல் மிஞ்சியது திரும்பி வரும், செலவான மானியம் திரும்பி வருமா? அதனால் ஒரு பைசா தொடவில்லை. தனிக் கணக்கில் போட்டு வைத்தேன். ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்ளப்பட்டது.

ஒரு மாதம் பத்தாம் தேதி தாண்டியும் சத்தம் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். சத்தம் குறைந்திருக்கிறதா என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டினேன். ஆவுடை, 'பணமா வேணும் உங்களுக்கு?' என்றாள். 'பணம் எதற்கு? ஒரு ஒழுங்கு வேண்டாமா?' என்றேன். மறுநாள் வந்தது. அன்று இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். புளிக்குழம்பு நன்றாக அமைந்திருந்தது.

போன மாதம் வந்தது கடைசி. கொடுத்த இரண்டு தவணையும் முழுதாகத் தீர்ந்துவிட்டது. இந்த மாதம் போன் சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்க வேண்டியதுதான், பாக்கி இல்லையே. பாதி மாதம் ஓடிவிட்டது.

கணக்கு முடிந்தால் கோப்பை மூடி மேலே தூக்கிப் போட வேண்டும். ஆனால் எங்கள் பிரிவில் ஒரு நடைமுறை உண்டு. ஏதாவது ஒரு இனம் நிலுவையில் இருந்தால் கோப்பை மூட முடியாது. எத்தனை வருஷமானாலும் திறந்தே இருக்கும். சில கோப்புகளை எனக்கு முன்னால் இருந்தவருக்கும் முன்னால் இருந்தவர் திறந்து வைத்திருந்தார். நான் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு ராத்திரி இல்லை, ரொம்ப நாள். அப்புறம் பிடித்துவிட்டேன். மூன்றாம் தவணை! அதை நான் கொடுக்கவே இல்லையே! அவள் பக்கம் தீர்ந்துவிட்டது. என் பக்கம் நிலுவை இருக்கிறது. கோப்பு மூடவில்லை, தம்பி. எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

மடியில் இருக்கும் பையில் இருப்பது அதுதான். சத்தமாகச் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.

கிளம்பும்போது ஆவுடை கேட்டாள், 'குடுக்கப் போறீகளா, பார்க்கப் போறீகளா?' இரண்டும் சேர்ந்ததுதான் மானியம் என்றேன். 'அவ வாங்கமாட்டா' என்றாள். 'எது கொண்டுபோனாலும் நிபந்தனையை வீட்டுல வச்சிட்டுப் போங்க' என்றாள். அது எப்படி முடியும்?

ஒரே ஒரு நிபந்தனைதான் இப்போது. அதுவும் எனக்கு. அந்த எழுத்து. அவள் சொன்னபடி அதைச் சுரண்டியிருந்தால் திட்டம் ரத்து. ரத்தான திட்டத்துக்குத் தவணை விடுவிக்க எனக்கு அதிகாரம் கிடையாது. நான் இறங்குவதில் அர்த்தமில்லை. எழுத்து இருந்தால் திட்டம் உயிரோடு இருக்கிறது. இறங்கலாம். கதவைத் தட்டலாம். அதனால்தான் சங்கரன்கோவில் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். எதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

அந்தக் கண்டக்டர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், கவனித்தீர்களா? முன்பும் இந்த வண்டியில் போயிருக்கிறேன். பலமுறை. மில் ரோட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. அறிவிப்பில்லாத ஆய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலில் உட்கார்ந்தபடியே பார்ப்பேன். கூட்டம் இருக்கிறதா, மெஷின் ஓடுகிறதா, அவள் இளைத்திருக்கிறாளா. அப்படியே சங்கரன்கோவில் போய் ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அப்போதெல்லாம் எழுத்து எனக்கே தெரிந்தது. இந்த வருஷம் புரை முற்றிவிட்டது. நீல நிறம் தெரிகிறது, அதற்கு மேல் புகை.

வேகம் குறைகிறதே. விலக்கா? ஆமாம், அந்த வேப்பமரம். டிரைவர் இங்கே டீ குடிப்பார், கொஞ்ச நேரம் நிற்கும்.

தம்பி, உங்கள் பக்கம்தான். பச்சை ஷட்டர். திறந்திருக்கிறதா? நல்லது. உள்ளே நீலத் தொட்டி தெரிகிறதா? அதன் நெற்றியில் எழுத்து இருக்கிறதா, பாருங்கள். அவசரம் வேண்டாம். மாவு படிந்திருக்கும், நிதானமாகப் பாருங்கள்.

இல்லையா?

சரி. சொன்னபடி செய்துவிட்டாள். ஒழுங்கான பிள்ளைதான். சரி. கண்டக்டர், நான் இறங்கவில்லை. 'இன்னைக்குமா' என்றால் என்ன அர்த்தம்? டிக்கெட் சங்கரன்கோவிலுக்கு இருக்கிறது.

என்ன தம்பி? என்ன இருக்கிறது? ஒரு வார்த்தையா? சுரண்டின தடம் இருக்கிறது, முன்னால் ஒரு வார்த்தை மட்டும் அப்படியே இருக்கிறதா? வாசியுங்கள்.

'தந்தை.'

நன்றாகப் பார்த்தீர்களா? என் முகத்துக்காக எதுவும் சொல்லக்கூடாது. கண்ணால் கண்டதை மட்டும்தான் ஆய்வில் சொல்ல வேண்டும். 'மானியத்தில் வாங்கியது' இல்லை? வருஷம் இல்லை? 'தந்தை' மட்டும் இருக்கிறது. மறைவாக இருந்ததால் விட்டுப்போயிருக்குமோ? முதல் வார்த்தை, மறைவு ஏது. கை வலித்திருக்குமோ? மெஷினுக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கிறவளுக்குக் கை வலிக்குமா?

இதற்கு என்ன விதி? முழுதாக இருந்தால் ஒரு விதி, முழுதாகப் போயிருந்தால் ஒரு விதி. அரைகுறையாகச் சுரண்டியதற்கு என் உத்தியோகத்தில் விதியே கிடையாது. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். வாசல் பெருக்கினால் ஒரு மூலையை விட்டுவிடுவாள். ஒரு வேலையை முழுதாக முடித்தாளென்று கிடையாது. இதை எப்படி அப்படியே விட்டுவிட்டுப் போவது? போகிற வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள், 'தந்தை'யாம், என்ன தந்தை, எதில் தந்தை? போய்க் கேட்டுவிட்டு வருகிறேன். கொஞ்சம் கால்களை மடக்குங்கள்.

கண்டக்டர், ஒரு நிமிஷம்! இறங்குகிறேன். சிரிக்காமல் கையைக் கொடுங்கள், படி தெரியவில்லை.

பையா? ஆமாம், பை. சீட்டிலேயே வைத்துவிட்டேன் பாருங்கள். கொடுங்கள்.

இந்த டிக்கெட்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. இங்கிருந்து சங்கரன்கோவில் வரைக்கும் அதில் தூரம் மிச்சம் இருக்கிறது. ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் போவது விதிப்படி செல்லாது, எனக்குத் தெரியும். யாராவது ஏறினால் கொடுங்கள். கொடுக்காவிட்டாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி. என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கமாட்டேன்.